மயக்கத்தில் இருக்கும் குழந்தைக்கு வலிக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தாய்மாமன் கேட்டிருக்கிறீர்கள். அக்கா மகனுக்கு இரண்டரை வயது. கடுமையான நிமோனியாவோடு தஞ்சாவூரில் குழந்தைகள் ஐ.சி.யு.வில் ஆறு நாளாக வென்டிலேட்டரில் இருக்கிறான். மயக்க மருந்து ஓடிக்கொண்டே இருக்கிறது, ஆனாலும் சளி உறிஞ்சும்போது கண்ணில் தண்ணீர் வருகிறது. நர்ஸ் வந்து நின்று பார்த்துவிட்டு ஒரு தாளில் 14, 12, ஒரு நாள் 9 என்று எழுதிவிட்டுப் போகிறார். கை இரண்டையும் கட்டி வைத்திருக்கிறார்கள். அந்த எண் என்ன, வாய் திறக்க முடியாத பிள்ளைக்கு வலிப்பது இவர்களுக்கு எப்படித் தெரியும், இவ்வளவு மருந்து ஏற்றினால் மூளை மழுங்கிவிடாதா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். எனக்குக் கேட்டது ஒரே கேள்விதான்: பிள்ளை உள்ளே தவிக்கிறானா, தவித்தால் அதை யாராவது கவனிக்கிறார்களா?

நான் டெல்டா பக்கத்து ஆஸ்பத்திரிகளில் குழந்தைகள் ஐ.சி.யு. நர்ஸாக நெடுங்காலம் இருந்தவள். இப்போது புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். எந்த மருந்து, எவ்வளவு என்று தீர்மானிப்பது டாக்டர்கள். உங்கள் பையனின் சிகிச்சை சரியா என்று இங்கிருந்து நான் சொல்லக் கூடாது. ஆனால் அந்தத் தாளில் எண் எழுதுவது எங்கள் வேலை, அதைப் பற்றிப் பேசலாம்.

முதலில் சந்தேகமே இல்லாத ஒன்று. தூங்க வைப்பது வேறு, வலியைக் குறைப்பது வேறு. வென்டிலேட்டர் பிள்ளைகளுக்கு அதிகம் ஓடும் மிடசோலம் பதற்றத்தைத் தணிக்கும், தூங்க வைக்கும், நடந்ததை நினைவில் நிற்கவிடாது. வலியை அது தொடாது. வலிக்கு ஃபென்டானில், மார்ஃபின் போன்றவை வேண்டும். லேசான வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால். கெட்டமின் இரண்டு வேலையும் செய்யும். டெக்ஸ்மெடிடோமிடின் தூக்கத்தோடு கொஞ்சம் வலியையும் தணிக்கும். கட்டில் பக்கத்தில் இருக்கும் சிரிஞ்சு பம்புகளில் மருந்தின் பெயர் ஒட்டியிருக்கும். அதைப் படித்துவிட்டு, "இதில் வலிக்கு எது சார்?" என்று தாராளமாகக் கேளுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சின்ன ஊர்களில் இந்தக் கேள்விக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் மார்ஃபின் வகை மருந்துகளை வாங்கி வைக்கவே பலர் பயந்தார்கள். 2014-ல் சட்டத்தைத் திருத்தி நடைமுறையை எளிதாக்கினார்கள். பயம் மட்டும் சட்டத்தோடு சேர்ந்து திருந்தவில்லை.

இனி அந்த எண். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது கம்ஃபர்ட்-பி என்ற அளவுகோலாகத்தான் இருக்க வேண்டும். ஆறு விஷயங்களைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை போடுவோம்: எவ்வளவு விழிப்பு, எவ்வளவு அமைதி அல்லது பதற்றம், வென்டிலேட்டரோடு ஒத்துப்போகிறானா எதிர்த்து மூச்சு விடுகிறானா, கை கால் அசைவு, தசையின் இறுக்கம், முகத்தின் இறுக்கம். ஆகக் குறைந்தது 6, ஆகக் கூடியது 30. பொதுவாக 10-ஐத் தொட்டாலோ அதற்கும் கீழே போனாலோ மயக்கம் தேவைக்கு மேல் ஆழமாகிவிட்டது, 23-ஐத் தொட்டால் போதவில்லை என்று எடுத்துக்கொள்வோம். ஆகவே 12, 14 என்றால் பயப்பட ஒன்றுமில்லை. 9 வந்த அன்று நீங்கள் பதறியிருப்பீர்கள், அல்லது குறைந்தது நல்லதுதானே என்று நிம்மதியாகியிருப்பீர்கள். இரண்டும் வேண்டாம். அன்றைக்கு மருந்தைக் கொஞ்சம் இறக்கியிருப்பார்கள், அவ்வளவுதான். தேவைக்கு மேல் ஆழ்ந்த மயக்கத்தில் வைத்தால் பிள்ளை இருமிச் சளியைத் தள்ளாது, வென்டிலேட்டர் குழாயை எடுக்கும் நாள் தள்ளிப்போகும்.

பத்துக்கும் இருபத்து மூன்றுக்கும் நடுவில் இருக்கும் பெரிய இடைவெளியில் எண் மட்டும் போதாது. இந்த அளவுகோலைச் செம்மைப்படுத்திய நெதர்லாந்துக்காரர்களே அந்த இடத்தில் நர்ஸின் சொந்த அபிப்பிராயத்தையும் கேட்டு எழுதச் சொன்னார்கள். எனக்கு அதில் ரொம்ப மரியாதை. ஒரே 15, ஒரு பிள்ளைக்குச் சுகமான தூக்கமாக இருக்கும், இன்னொரு பிள்ளைக்கு வாய்விட்டு அழ முடியாத வேதனையாக இருக்கும்.

ஒழுங்காகச் செய்தால் இதற்கு இரண்டு நிமிடம் பிடிக்கும். கட்டிலின் கால்மாட்டில், முகமும் முழு உடம்பும் தெரிகிற மாதிரி நின்று, தொடாமல் பார்க்க வேண்டும். கடைசியில்தான் ஒரு கையையோ காலையோ தூக்கிப் பார்த்துத் தசை எப்படி இருக்கிறது என்று கவனிக்க வேண்டும். நெற்றியில் புருவங்களுக்கு நடுவே விழும் சுருக்கம், மூக்கோரத்திலிருந்து வாய்க்கு இறங்கும் கோடு, மடக்கிய விரல்கள், சுருண்ட கால் விரல்கள் எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். மூக்கிலும் கன்னத்திலும் பிளாஸ்திரி ஒட்டியிருப்பதால் பாதி முகம் மறைந்துதான் இருக்கும். குழாய் போட்ட பிள்ளை அழுதால் சத்தம் வராது. வாய் கோணும், முகம் சிவக்கும், கண்ணீர் வழியும், மானிட்டர் மட்டும் கத்தும். புதிதாக வருகிற நர்ஸ்கள் மானிட்டரை அமர்த்தத்தான் முதலில் ஓடுவார்கள். ஒரு ஷிஃப்டில் நாலு பிள்ளைகளை ஒருவரே பார்க்க வேண்டியிருந்தால் இரண்டு நிமிடம் சும்மா நிற்பதற்கு மனம் வராது. போகிற போக்கில் போட்ட எண்ணும் உண்டு என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

மானிட்டரில் இதயத் துடிப்பு தெரிகிறதே, அதைப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். 1992-ல் வந்த முதல் கம்ஃபர்ட் அளவுகோலில் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் சேர்ந்து எட்டு விஷயங்கள் இருந்தன. பிற்பாடு அந்த இரண்டையும் எடுத்துவிட்டார்கள். காய்ச்சல், நீர்ச்சத்துக் குறைவு, ரத்தக் குறைவு, ரத்த அழுத்தத்துக்காக ஓடும் மருந்து என்று எல்லாமே துடிப்பை மாற்றும். நம் பக்கத்தில் தேள் கொட்டி வருகிற பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வியர்த்துக் கொட்டும், கை கால் சில்லென்றிருக்கும், துடிப்பு எகிறும். விஷம் நரம்பு மண்டலத்தைத் தூண்டிவிடுவதால் வருவது அது. கொட்டிய இடத்து வலி தனி. பூச்சிமருந்து குடித்துவிட்டு வருகிற பிள்ளைக்கு அதற்கு முறிவாக அட்ரோபின் என்ற மருந்து ஓடும்போதும் துடிப்பு அதன் இஷ்டத்துக்கு ஓடும். அதனால் துடிப்பு ஏறினால் பிள்ளையைத் திரும்பிப் பார்க்கச் சொல்கிறது என்று எடுத்துக்கொள்வோம். வலி என்று அதிலிருந்தே முடிவு கட்ட மாட்டோம்.

அதே போல, பிள்ளை திமிறினால் உடனே மயக்க மருந்தை ஏற்றுவதும் தவறு. முதலில் குழாய் இடத்தில் இருக்கிறதா, சளி அடைத்திருக்கிறதா, ஆக்சிஜன் சரியா என்று பார்க்க வேண்டும். அப்புறம் சிறுநீர்ப்பை முட்டிக்கொண்டிருக்கிறதா, டயப்பர் நனைந்திருக்கிறதா, முதுகுக்கடியில் ஏதாவது குத்துகிறதா, பசியா. மூச்சு முட்டித் திமிறுகிற பிள்ளையைத் தூங்க வைப்பது ஆபத்து.

சளி உறிஞ்சும்போது வரும் கண்ணீரைக் கேட்டிருந்தீர்கள். சளி உறிஞ்சுவது நிஜமாகவே அவஸ்தையான விஷயம். அந்த நேரம் இருமுவதும் முகம் சுளிப்பதும் கண் கலங்குவதும் எதிர்பார்ப்பதுதான். ஒரு வகையில் மயக்கம் மிதமாக இருப்பதற்கு அடையாளமும்கூட. முடித்துச் சில நிமிடங்களில் முகம் பழையபடி தளர்ந்துவிடுகிறதா என்று பாருங்கள். தளரவில்லை, அல்லது ஒவ்வொரு முறையும் ரொம்ப நேரம் தவிக்கிறான் என்றால், "உறிஞ்சுவதற்கு முன்னால் வலி மருந்து ஒரு டோஸ் கொடுக்க முடியுமா?" என்று கேட்கலாம். முன்கூட்டியே கொடுக்கும் வழக்கம் உண்டு. கண் சரியாக மூடாததாலும், கண்ணில் போடும் ஆயின்மென்ட்டாலும் நீர் வடிவதும் உண்டு. அது உறிஞ்சும் நேரம் பார்த்து வராது.

மருந்து கொடுத்ததோடு எங்கள் வேலை முடியாது. மேட்டூரில் திறந்துவிட்டார்கள் என்பது ஒரு செய்தி, கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்ந்ததா என்பது வேறு செய்தி என்று உங்கள் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மருந்து வேலை செய்ய வேண்டிய நேரம் ஆனதும் திரும்ப வந்து அதே ஆறு விஷயங்களையும் பார்த்து எண் எழுத வேண்டும். ஒரு வார்டின் தரத்தை நான் இதை வைத்துத்தான் எடை போடுவேன். தாளில் 24 என்று எழுதி, மருந்து கொடுத்தேன் என்று எழுதி, அடுத்த எண் ஆறு மணி நேரம் கழித்து இருந்தால் அந்த 24-ஐ எழுதியே பயனில்லை.

வென்டிலேட்டர் இல்லாத, ஆபரேஷன் முடிந்து வந்த சின்னப் பிள்ளைகளுக்கு ஃப்ளாக் என்ற இன்னோர் அளவுகோல் இருக்கிறது. முகம், கால், அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறானா என்று ஐந்துக்கும் 0 முதல் 2 வரை, மொத்தம் பத்து. 1997-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் உருவாக்கியது. கொஞ்சம் பெரிய பிள்ளைகள் முகப் படங்களில் ஒன்றைத் தொட்டுக் காட்டுவார்கள். எட்டு வயதுக்கு மேல் பத்துக்கு எத்தனை என்று கேட்டால் அவர்களே சொல்லிவிடுவார்கள். சொல்லத் தெரிந்த பிள்ளை சொன்னால் அதுதான் கடைசி வார்த்தை. "அவ்வளவெல்லாம் வலிக்காதுடா" என்று பெரியவர்கள் திருத்தக் கூடாது.

இந்த அளவுகோல்கள் கைவிடும் இடம் ஒன்று உண்டு. நம் பக்கத்தில் அது அடிக்கடி வரும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ராத்திரி தரையில் படுத்த பிள்ளையைக் கட்டுவிரியன் கடித்தால் பல சமயம் கடி பட்டதே தெரியாது, தடமும் இருக்காது. விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி. அப்புறம் இமை தொங்கும், பேச்சு குழறும், விழுங்க முடியாது, மூச்சு நிற்கும். அந்த விஷம் நரம்பு முனைகளைப் பாதித்துத் தசைகளை முடக்கிவிடுகிறது. பாதித்த முனைகளை விஷமுறிவு மருந்தால் உடனே மீட்க முடியாது, அவை தாமாகத் தேறும் வரை வென்டிலேட்டர்தான். கண்மணிகூட விரிந்து வெளிச்சத்துக்குச் சுருங்காமல் நிற்கலாம். பார்க்கிறவர்கள் மூளை போய்விட்டது என்றே நினைப்பார்கள். ஆனால் பிள்ளைக்கு நினைவு முழுசாக இருக்கும், பேசுவதெல்லாம் காதில் விழும், ஊசி குத்தினால் வலிக்கும். கம்ஃபர்ட்-பி போட்டால் ஆறு வரும். தாளைப் பார்த்தால் ஆழ்ந்த மயக்கம், கட்டிலில் விழித்திருக்கும் பிள்ளை.

அப்படி ஏழு வயதுப் பெண் ஒருத்தி எங்களிடம் இருந்தாள். துடிப்பு 150-க்கு மேலேயே நின்றது, காரணம் பிடிபடவில்லை. வலது கால் கட்டைவிரலில் மட்டும் லேசாக அசைவு திரும்பியிருந்ததை ராத்திரி ஷிஃப்ட் சிஸ்டர் கவனித்தார். ஆமாம் என்றால் விரலை ஆட்டு என்று சொல்லிவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டோம். தொண்டை வலிக்குதா? ஊசி போட்ட கை? வயிறு? முதுகு என்றதும் விரல் ஆடியது. புரட்டிப் பார்த்தால் ஈ.சி.ஜி. ஒயரின் கிளிப் தோள்பட்டைக்குக் கீழே அழுந்திச் சிவந்து தடம் பதிந்திருந்தது. எடுத்துவிட்டு, இமையை விரலால் தூக்கிப் பிடித்து அவள் அம்மாவைக் காட்டினோம். துடிப்பு இறங்கியது. வெகுரோனியம் போலத் தசையைத் தளர்த்தும் மருந்து ஓடும் பிள்ளைக்கும் இதே நிலைதான். இவர்களுக்கெல்லாம் வலிக்கும் என்றே வைத்துக்கொண்டு, எண்ணுக்குக் காத்திராமல் மருந்து கொடுக்க வேண்டும். உங்கள் பையனுக்குத் தசைத் தளர்த்தி ஓடுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 14, 12 என்று எண் வருவதையும் கையைக் கட்டி வைத்திருப்பதையும் பார்த்தால் இல்லை என்றுதான் தோன்றுகிறது.

அசையாத பிள்ளைக்கு வலியில்லை என்று நினைத்தது நாம் மட்டுமில்லை. 1980-கள் வரை பெரிய நாடுகளிலேயே பச்சிளங்குழந்தைகளுக்கு வலி உணர்வு முதிரவில்லை என்று சொல்லி மிகக் குறைந்த மயக்க மருந்தில் ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். இந்தியாவில் மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போன டாக்டர் ஆனந்த், குறைமாதக் குழந்தைகளுக்கு ஃபென்டானில் கொடுத்தும் கொடுக்காமலும் ஒப்பிட்டு 1987-ல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகுதான் அந்த நினைப்பு ஆட்டம் கண்டது.

வீட்டாருக்கு இதில் என்ன வேலை என்றால், நிறையவே இருக்கிறது. உங்கள் அக்காவிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி நர்ஸிடம் கொடுங்கள்: வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவீர்கள், வலித்தால் என்ன சொல்லுவான், தூக்கம் வந்தால் காதைத் தடவுவானா விரலைச் சூப்புவானா, எப்படித் தட்டினால் தூங்குவான். தாய் வந்து தலையைத் தடவினால் முகம் தளருகிறதா என்பதை நாங்கள் நூறு முறை தடவியும் கண்டுபிடிக்க முடியாது. "இது அவன் வலி முகம் இல்லம்மா, கோப முகம்" என்று ஒரு தாய் சொல்வதை நான் எண்ணுக்கு மேலாக எடுத்துக்கொள்வேன். பார்வையாளர் நேரம் சில இடங்களில் ரொம்பக் குறைவு. இருக்கிற அந்த நேரத்தில் சும்மா நின்று அழாமல், அவன் காதோடு பேசச் சொல்லுங்கள்.

கையைக் கட்டுவது தண்டனைக்காக இல்லை. அரைத் தூக்கத்தில் கை குழாய்க்குத்தான் போகும். பிடுங்கிவிட்டால் சில நிமிடங்களில் உயிருக்கே ஆபத்து. ஆனால் துணி மெத்தென்று இருக்க வேண்டும், ஒரு விரல் உள்ளே போக வேண்டும், அவ்வப்போது அவிழ்த்து விரல் நிறத்தைப் பார்க்க வேண்டும். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது, "நான் பிடிச்சுக்கறேன், அவுத்து விடலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

ஐந்து நாளுக்கு மேல் இந்த மருந்துகள் ஓடினால் இன்னொன்று வரலாம். மருந்தைக் குறைக்கும்போது கை நடுக்கம், வியர்வை, அடிக்கடி கொட்டாவி, தும்மல், வயிற்றுப்போக்கு, லேசான காய்ச்சல், தொட்டால் திடுக்கிடுவது. உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டதால் வருவது அது. புதுக் கிருமி தொற்றிவிட்டது என்று வீட்டார் பயப்படுவார்கள். இதற்கும் தனி அளவுகோல் இருக்கிறது, மெதுவாகக் குறைத்தால் சரியாகிவிடும். உங்களுக்கு ஆறு நாள் ஆகிவிட்டதால் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

அதோடு குழப்பிக்கொள்ளக் கூடாதது டெலிரியம் என்கிற புத்தித் தடுமாற்றம். குழாய் எடுத்த பிள்ளை அம்மாவையே அடையாளம் தெரியாமல் பார்க்கும், காற்றில் எதையோ பிடிக்கும், பகலில் தூங்கி ராத்திரி அலறும். காத்து கருப்பு பட்டுவிட்டது என்று மந்திரிக்கத் தாயத்தோடு வந்தவர்களை நான் கோபித்ததில்லை. தாயத்தைக் கட்டில் கம்பியில் கட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டு, வேப்பிலை அடி மட்டும் வேண்டாம் என்பேன். பகலில் வெளிச்சம், ராத்திரி இருட்டு, தெரிந்த குரல், தெரிந்த பொம்மை, மிடசோலத்தைக் குறைப்பது என்றுதான் வைத்தியம். அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் மீண்டுவிடுகிறார்கள்.

இனி உறுதியாகச் சொல்ல முடியாதவை. இப்படி எண் போட்டு மருந்தைக் கூட்டிக் குறைத்தால் பிள்ளை சீக்கிரம் வென்டிலேட்டரை விட்டு வருமா? அமெரிக்காவில் 31 குழந்தைகள் ஐ.சி.யு.க்களில் செய்த பெரிய ஆய்வு 2015-ல் வந்தது. வென்டிலேட்டர் நாட்கள் குறையவில்லை. விழித்து அமைதியாக இருந்த நாட்கள் கூடின, ஆனால் வலி இருந்ததாகப் பதிவான நாட்களும் கூடின. விழித்திருந்ததால் வலித்ததா, கவனித்துப் பார்த்ததால் தெரிந்ததா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். எண் போடுவதால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். போடாமல் இருப்பது அதைவிட மோசம் என்பது என் கருத்து.

மூளை விஷயமும் அப்படித்தான். மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நீண்ட நேரமோ திரும்பத் திரும்பவோ மயக்க மருந்து கொடுத்தால் மூளை வளர்ச்சியைப் பாதிக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-ல் எச்சரித்தது உண்மை. அதற்கு முக்கிய ஆதாரம் விலங்குகளிடம் செய்த ஆய்வுகள். கைக்குழந்தைகளுக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடியும் குடலிறக்க ஆபரேஷனில் பார்த்தபோது ஐந்து வயதில் வித்தியாசம் தெரியவில்லை. நாள் கணக்கில் மருந்து ஓடும் ஐ.சி.யு. பிள்ளைகளைப் பற்றி அவ்வளவு தெளிவாகப் பேச முடியாது, ஏனென்றால் நோய், ஆக்சிஜன் குறைவு, மருந்து மூன்றையும் பிரித்துப் பார்க்க வழியில்லை. மருந்தே இல்லாமல் இரண்டரை வயதுப் பிள்ளையைக் குழாயோடு வைத்திருப்பதும் நடக்காத காரியம். அதனால்தான் தினமும் "இன்றைக்கு எவ்வளவு குறைக்கலாம்?" என்று ரவுண்ட்ஸில் பேச வேண்டும். நீங்களும் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு சில வாரம் ராத்திரி அலறி எழுந்திருப்பான், அம்மாவை விட்டு நகர மாட்டான், வெள்ளைக் கோட்டைப் பார்த்தால் ஓடுவான், பழகியிருந்த சிறுநீர்ப் பழக்கம்கூடக் கொஞ்ச நாள் கெடலாம். அடிக்காமல், "டாக்டர்கிட்ட சொல்லிருவேன்" என்று பயமுறுத்தாமல் விட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒரு மாதம் தாண்டியும் அப்படியே இருந்தால் செக்கப்புக்குப் போகும்போது சளி, மூச்சோடு சேர்த்து இதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.